ஒன்பதாம் டேங்கின் தார்

உப்பளமேட்டில் எண்ணெய் ஆலைக்கு முன்னால் உப்பு விளைந்தது, உப்புக்கு முன்னால் கடல் இருந்தது, அப்படியானால் அந்த மண் யாருடையது என்று கேட்டவர்களிடம் பட்டா இருக்கிறதா என்று சர்க்கார் திருப்பிக் கேட்டது, பட்டா இல்லை, ஆகவே ஆலை வந்தது. வந்த விதத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆலையின் உயிரான இரும்புக் கோபுரம், நாலு பனை உயரமும் எட்டு ஆள் கைகோத்தாலும் அடங்காத சுற்றளவும் கொண்டது, ஒரே துண்டாகக் கப்பலில் வந்து கழிமுகத்தில் இறங்கியது. பனந்தண்டுகளை உருளையாகப் போட்டு, இருநூறு பேர் பத்தொன்பது நாள் தேர்வடம் பிடிப்பதுபோல் பிடித்து அதை இழுத்தார்கள். குறுக்கே நின்ற எல்லையம்மன் கோயில் வளைவை இடித்தார்கள், அம்மன் கோபித்துக்கொள்ளாமல் இருக்க அவளுக்கு ஆலைச் செலவில் இரண்டு ட்யூப்லைட் போட்டுக் கொடுத்தார்கள், அவளும் வேறு வழியில்லாமல் வாங்கிக்கொண்டாள். உருளைக்கு அடியில் மூன்று பேர் போனார்கள். அவர்களில் ஒருவர் தனபாக்கியத்தின் அப்பா ஏகாம்பரம். அப்போது அவளுக்குப் பத்து வயது, தம்பி தேசிங்கு அவள் இடுப்பில் இருந்தான்.

கோபுரம் நிமிர்ந்து நின்ற பதினோராம் நாள் பெரிய கேட்டருகே ஒரு பலகை நட்டார்கள். ‘விபத்தில்லாமல் கடந்த நாட்கள்’ என்று எழுதி, கீழே நாலு கொக்கி அடித்து, தகர எண்களை மாட்டினார்கள். காலை எட்டு மணிச் சங்கு ஊதியதும் ஒரு குமாஸ்தா ஏணி வைத்து ஏறி எண்ணை மாற்றுவார். செத்த மூவரும் பலகை நடுவதற்குள் செத்துப்போன அவசரக்காரர்கள் என்பதால் கணக்கு சுத்தமாக ஒன்றிலிருந்து தொடங்கியது.

கோபுரத்தின் தொழில் வந்ததைப் பிரிப்பது. கச்சா எண்ணெயைச் சூளையில் கொதிக்கவிட்டு அதன் வயிற்றில் செலுத்தினால் லேசானது உச்சிக்கு ஏறி காஸாகும், அதற்குக் கீழே பெட்ரோல், இடுப்பளவில் மண்ணெண்ணெய், முழங்காலளவில் டீசல், எந்தச் சூட்டுக்கும் எழும்பாத கனமானது அடியில் தாராக நிற்கும். இதை உப்பளமேட்டில் கைநாட்டு வைக்கிறவர்களும் தூக்கத்தில் சொல்வார்கள், ஏனென்றால் நாலு வருஷத்துக்கு ஒருமுறை ஆலையை நாற்பது நாள் நிறுத்தி, கோபுரத்தின் வயிற்றில் மேலிருந்து கீழாக இருக்கும் தட்டுகளைச் சுரண்டிக் கழுவும்போது உள்ளே போகிறவர்கள் அவர்கள்தான். அந்த நாற்பது நாளுக்கு ஷட்டவுன் என்று பெயர். ஷட்டவுனுக்கு பாஸ் கிடைத்தவன் வீட்டில் அந்த வருஷம் கல்யாணம் நடக்கும்.

ஆலைக்கு வெள்ளி விழா வரவிருந்த வருஷத்துத் தை மாத ஷட்டவுனில் பாஸ் கிடைத்தது தேசிங்குக்கு, மஞ்சள்காமாலை வந்ததும் தேசிங்குக்கு. மூன்று நாள் சேர்ந்தாற்போல் வராதவன் பாஸைப் பிடுங்கிவிடுவார்கள். ஆகவே ஊர் வழக்கப்படி, அக்கா புருஷன் கன்னியப்பன் மச்சானின் பாஸைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு போனான். கேட்டில் போட்டோவை யாரும் பார்ப்பதில்லை. பார்த்தாலும் அதிலிருப்பது ஆம்பளையா என்பதோடு சரி. தெருவில் பாதிப் பேர் வேறொருவன் பெயரில்தான் உழைத்தார்கள், வேறொருவன் பெயரில் திட்டு வாங்கினார்கள், அதில் ஒரு வசதியும் இருந்தது.

கோபுரத்துக்குள் நுழையும் ஓட்டை அருகே ஒரு மரச்சட்டம் இருக்கும். உள்ளே போகிறவன் தன் பாஸ் எண் அடித்த பித்தளை டோக்கனை அதில் மாட்டிவிட்டுப் போக வேண்டும், வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். சட்டம் காலியானால் கோபுரம் காலி, மூடிவிடலாம். அதற்கென்று வெளியே ஒரு ஆள் நின்று பார்த்துக்கொண்டிருப்பான்; ஆனால் ஆலையை இரண்டு நாள் முன்கூட்டியே ஓடவிடுவதாக மேலிடத்தில் யாரோ யாருக்கோ வாக்குக் கொடுத்திருந்ததால், அந்த ஆளையும் அன்றைக்கு பைப்பு தூக்க அனுப்பிவிட்டார்கள். பதினோரு மணிக்கு மூட வந்தபோது சட்டத்தில் ஒரு டோக்கன் தொங்கியது. ஆயிரத்து நூற்று நாற்பத்தேழு. சூப்பர்வைசர் பட்டியலைப் பார்த்து, “தேசிங்கு யாருய்யா? தேசிங்கு உள்ள இருக்கானா?” என்று கத்தினார்.

அந்த வழியாகக் கயிறு சுமந்துகொண்டு போன, தேசிங்குவின் தெருக்காரன் ஆபிரகாம் நின்றான். “தேசிங்கா? அவன் வூட்ல குந்திகினு கஞ்சி குடிக்கிறான் சார். இப்பத்தான் பாத்துட்டு வரேன்.”

அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. சூப்பர்வைசர் ஆபிரகாமை இன்னொரு தடவை கேட்டார், அவன் கர்த்தர்மேல் ஆணையிட்டான், டோக்கனை மறந்துவிட்டுப் போன முண்டத்தை ஒரு வார்த்தை வைதுவிட்டு அவர் அதைக் கழற்றிப் பையில் போட்டார், கோபுரத்தை மூடி முப்பத்திரண்டு போல்ட்டை முறுக்கினார்கள். உள்ளே பதினெட்டாம் தட்டில் கன்னியப்பன் சுரண்டிக்கொண்டிருந்தான். சூளை பற்றவைக்கப்பட்டது. ஒரு உண்மையை நம்பி ஒரு ஆளைக் கொதிக்கவைத்த ஊர் அது ஒன்றுதான்.

கோபுரம் அவனிடம் பாரபட்சம் காட்டவில்லை. வந்ததைப் பிரித்தது.

முதலில் தெரிந்தது ஆபீசர் குவார்ட்டர்ஸில். புது காஸ் சிலிண்டர் மாட்டி அடுப்பைத் திருகினால், நீலத் தீக்குள்ளிருந்து ஒரு ஆள் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, நடுநடுவே இருமிச் சிரித்தான். ஒரு எஞ்சினியரம்மா மூன்று சிலிண்டர் மாற்றிப் பார்த்துவிட்டுப் புகார் எழுதினாள். ஆலை லேபில் பரிசோதித்து, ‘சிரிப்பு: அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்’ என்று அறிக்கை கொடுத்தார்கள், அதற்குப் பிறகு குவார்ட்டர்ஸில் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை, விருந்தாளி வந்தால் மட்டும் ரேடியோவைச் சத்தமாக வைத்தார்கள். டீசல் போட்ட லாரிகள் மேடேறும்போது கன்னியப்பன் மூட்டை தூக்குகையில் விடும் ‘ஹ்ம்’ என்ற மூச்சை விட்டு ஏறின. ரேஷன் மண்ணெண்ணெயில் அவன் குரல் வந்தது. ஊரில் எல்லாருடைய அடுப்பும் பேச ஆரம்பித்தது, உப்பு பத்தலை என்றது, தண்ணி காஞ்சுபோச்சு பாரு என்றது. “உயிரோட இருந்தப்ப ஒரு நாள்கூட அடுப்பாண்ட வந்ததில்ல, இப்ப ஊர் கொழம்புக்கெல்லாம் நாட்டாமை” என்று தனபாக்கியத்தின் எதிர்வீட்டு மரகதம் சலித்துக்கொண்டாள், ஆனாலும் சாவியைத் தொலைத்தால் அடுப்பைத்தான் கேட்டாள். ரேஷன் கடைக்காரர் லிட்டருக்கு எட்டணா கூட்டினார்.

தனபாக்கியம் மூன்றாம் கேட்டுக்கு எதிரில் பம்ப் ஸ்டவ் வைத்து மீன் பொரித்து விற்றுவந்தவள். புருஷன் வராத நாலாம் நாள், பழைய எண்ணெய் தீர்ந்து புதுசு ஊற்றி, பம்ப் அடித்துப் பற்றவைத்தாள். “பாக்கியம், எண்ணெ காயவேயில்ல, அதுக்குள்ள மீன போடுற பாரு” என்றது அடுப்பு. அவள் மீனைத் திரும்பத் தட்டில் வைத்தாள். எண்ணெய் காயும்வரை காத்திருந்தாள். பிறகு வந்திருந்த மூன்று பேருக்கும் பொரித்துக் கொடுத்துவிட்டு, கடையைச் சாத்தாமல், முந்தானையால் முகத்தைக்கூடத் துடைக்காமல், நேராகப் பெரிய கேட்டுக்குப் போனாள்.

பாதுகாப்பு அதிகாரி சம்பந்தம் நல்லவர் என்று பெயரெடுத்தவர், அதாவது யாரையும் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் இல்லை என்பார்.

“உக்காருங்கம்மா. ஒண்ணொண்ணா பாப்போம். கோபுரத்துக்குள்ள யார் போனது? ரிஜிஸ்டர்ல தேசிங்கு. தேசிங்கு எங்க இருக்கார்? வீட்ல, உயிரோட. அப்ப செத்தது யாரு?”

“எம்புருசன். கன்னியப்பன்.”

“கன்னியப்பன்ங்கற பேர்ல யாருமே கேட்டுக்குள்ள வரலியேம்மா. வராதவர் எப்படிம்மா வெளிய போகாம இருக்க முடியும்?”

“அடுப்புல பேசறாரு சார்.”

“அடுப்பு சாட்சி சொல்றதுக்குச் சட்டத்துல இடமில்ல.” அவர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். “சரி, உங்களுக்கு என்ன வேணும்? கருணை அடிப்படையில ஏதாவது—”

“கருணை வேணாம்.” அவள் ஜன்னல் வழியே கை நீட்டினாள். பலகையில் அன்றைக்கு ஒன்பதாயிரத்து இருபத்தொன்பது. “அத்த கழட்டுங்க. சைபர் போடுங்க. அவர் பேர அதுக்குக் கீழ எழுதுங்க. அவ்ளோதான்.”

சம்பந்தம் சிரித்தார். அது கெட்ட சிரிப்பு இல்லை. கோயில் கோபுரத்தை வீட்டுக்கு எடுத்துப்போகிறேன் என்று சொன்ன குழந்தையைப் பார்த்துச் சிரிப்பதுபோல்தான். அந்தச் சிரிப்பைத்தான் அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில், மனைவியுடன் சண்டையிட்டு வீட்டைவிட்டு வெளியேறியவர் என்று எழுதிக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் அவன் பம்பாயில் ஒரு பெண்ணோடு இருப்பதாகக் கேண்டீனில் பேச்சு கிளம்பியது, பத்து நாளில் அந்தப் பெண்ணுக்குப் பெயரும் வந்தது. அதே வாரத்தில் தேசிங்குக்கு ஆலையிலிருந்து ஒரு கடிதம் வந்தது: நிரந்தர வேலை, நீல யூனிஃபார்ம், இரும்பு முனை வைத்த பூட்ஸ்.

“நீ போய்ச் சொல்லுடா” என்றாள் தனபாக்கியம். “எம்பேர்ல போனது எங்க மாமான்னு ஒரு வார்த்த சொல்லு.”

“சொன்னா வேல பூடும்க்கா. அடுத்தவன உள்ள வுட்டதுக்கு கேசும் போடுவாங்க.” அவன் பூட்ஸைப் பார்த்தபடியே பேசினான். “மாமா திரும்பி வந்துடப் போறாரா?”

“அவருக்கு உயிரு போச்சு. உனக்கு வேல போனா இன்னாடா?”

அவன் குனிந்து பூட்ஸ் கயிற்றை இறுக்கினான். இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளையோடு அவள் அன்றைக்குப் பேச்சை நிறுத்தினாள்.

தினமும் கேட்டுக்குப் போனாள், தினமும் எண் ஒன்று ஏறியது. அவள் புருஷன் செத்துக்கிடக்கிற ஒவ்வொரு நாளும் விபத்தில்லாத நாளாகக் கொக்கியில் தொங்கியது. ஆத்திரத்தில் அடுப்போடு பேசினால் அது கொஞ்சியது. “வுடு பாக்கியம். போவட்டும். நமக்கு இன்னா வந்துச்சு” என்றது. உயிரோடு இருந்தபோதும் கங்காணி வைதால், கூலியை நாளைக்கு வா என்றால், வெளியே இப்படித்தான் சொல்வான்; ஆனால் சொல்லும்போது அவன் கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்து நிற்பதை அவள் பார்த்திருக்கிறாள். ஒரு மத்தியானம், கடையில் ஆளில்லாத வேளை, அவள் ஸ்டவ்வின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேட்டாள்:

“உன்ன உயிரோட கொளுத்திட்டானுங்க. அத்த கூட போவட்டும்னு சொல்றியே, உன் கோவம் எங்கய்யா போச்சு?”

அடுப்பு உஸ் என்று எரிந்தது. “அது கனம் பாக்கியம்” என்றது. “மேல ஏறல. அடியிலயே நின்னுகிச்சு.”

அவள் எழுந்து ஆபிரகாமைத் தேடிப் போனாள்.

ஆபிரகாம் அந்தப் பதினோரு மணிக்குப் பிறகு யார் எது கேட்டாலும் தெரியாது என்றே சொல்லிவந்தான், மணி என்ன என்று கேட்டால்கூட. ஷட்டவுன் முடிந்து தார் ரோடு போடும் கும்பலில் சேர்ந்திருந்தான். அவளைக் கண்டதும் சட்டியைக் கீழே வைத்தான். “நான் உண்மையத்தான் சொன்னேன்க்கா.”

“தெரியும். கோபுரத்து அடியில எடுத்த தார எங்க வெச்சிருக்கானுங்க?”

அவன் முதல்தடவையாகத் தெரியும் என்றான். “ஒன்பதாம் டேங்குல. அத்த யாரும் வாங்க மாட்டேன்றாங்க. ரெண்டு லாரி வெளியூர் போயி திரும்பி வந்துச்சு. ஊத்துனா ஆறவே மாட்டேங்குதாம், உறுமிகினே கெடக்குதாம். ஆவி போகாமலே கொதிக்குது.”

“வெள்ளி விழாக்கு பெரிய கேட்டுலேந்து ஆபீசு வரைக்கும் புது ரோடு போடறீங்க இல்ல?”

ஆபிரகாம் அவளைப் பார்த்தான். பிறகு சட்டியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டான், தொப்பி மாதிரி, நிழலுக்காகவோ வெட்கத்துக்காகவோ. “ஒன்பதாம் டேங்க்னா ஆலைக்கும் சந்தோசம்க்கா. தள்ளிவுடத்தான் வழி தேடிகினு கீறாங்க.”

வைகாசியில் வெள்ளி விழா வந்தது. டெல்லியிலிருந்து சேர்மன் வந்தார். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஆலையின் வரலாறு வழவழ காகிதத்தில் அச்சாகியிருந்தது. அதில் நாற்பத்தாறு பம்புகளின் எண்ணும், அவை எந்த நாட்டில் பிறந்து என்றைக்கு ஓட ஆரம்பித்தன என்பதும், கோபுரம் கப்பலிலிருந்து இறங்கும் படமும் இருந்தன, இழுத்த இருநூறு பேரில் ஒருவன் பெயரும் இல்லை. ஒன்பதாம் டேங்கின் தாரில் போட்ட புது ரோடு, உறுமலை அடக்கிக்கொண்டு, கரும்பட்டு விரித்ததுபோல் மின்னியது. பலகையில் ஒன்பதாயிரத்து நூற்று முப்பத்தொன்றுக்கு மல்லிகைச் சரம் சாத்தியிருந்தார்கள். ஜெனரல் மானேஜர், சம்பந்தம், சூப்பர்வைசர், குமாஸ்தா, இருபுறமும் யூனிஃபார்ம் போட்ட தொழிலாளர் வரிசை, அதில் தேசிங்கு. சேர்மன் ரோட்டின் நடுவே நின்று மைக்கைப் பிடித்து, இங்கிலீஷில், “இருபத்தைந்து ஆண்டுகளில் ஒரே ஒரு விபத்துகூட இல்லை” என்றார்.

தார் அவர் ஷூவைப் பிடித்துக்கொண்டது.

அவரை மட்டுமல்ல, ரோட்டில் நின்ற எல்லாரையும் பிடித்தது. ஷூவைக் கழற்றியவர்களை வெறுங்காலோடு பிடித்தது. தீயணைப்பு வண்டி வந்தது, அதன் டயரைப் பிடித்தது. மாலைக்குள் ஊர் திரண்டுவிட்டது, திரண்ட ஊர் வேடிக்கை பார்த்து முடித்ததும் வழக்கம்போல் ஆகவேண்டியதைப் பார்த்தது. குடை பிடித்தார்கள், மோர் விற்றார்கள், குவார்ட்டர்ஸிலிருந்து டிபன் கேரியர்கள் வந்தன. இரண்டாம் நாள் நாவிதர் வந்து நின்றவாக்கிலேயே சேர்மனுக்குச் சவரம் செய்தார். ஊர்க்காரர்கள் அந்த ரோட்டில் செருப்புச் சத்தம் கேட்க நடந்து போனார்கள், அவர்களைத் தார் ஒன்றும் செய்யவில்லை. எண்ணை மாற்றவேண்டிய குமாஸ்தாவே சிக்கியிருந்ததால் பலகை அதே எண்ணில் நின்றது, மல்லிகை வாடியது.

ஜெனரல் மானேஜர் ‘வருந்தத்தக்க ஒரு சம்பவம்’ என்று ஒரு அறிக்கை வாசித்தார். தார் கணுக்காலுக்கு ஏறியது. சம்பந்தம் ‘அடையாளம் தெரியாத ஒரு நபர்’ என்றார், முழங்காலுக்கு ஏறியது. அவர்தான் தனபாக்கியத்தைக் கூட்டிவரச் சொன்னார்.

“உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்கம்மா. எங்கள விடச் சொல்லுங்க.”

“யார்கிட்ட சார்? கன்னியப்பன்ற பேர்ல யாரும் கேட்டுக்குள்ளயே வரலியே” என்றாள் அவள். “வராதவரு எப்டி சார் புடிச்சிகினு இருப்பாரு?”

மூன்று நாளும் அவள் ஒரு தூக்கில் சோறு கொண்டுவந்து, வரிசையில் சிக்கி நின்ற தம்பிக்கு மட்டும், ஒரு வார்த்தை பேசாமல், பிசைந்து ஊட்டிவிட்டுப் போனாள். அவனும் அழுதுகொண்டே தின்றான். மூன்றாம் நாள் மத்தியானம் கடைசி உருண்டையை அவன் வாயருகே கொண்டுபோனவள், கையை நிறுத்தினாள்.

“அப்பா உருளைக்கு அடியில போனப்ப உனக்கு ஒண்ணும் தெரியாது. நான் பக்கத்துல நின்னேன். ரத்தத்து மேலயே வடத்த இழுத்துகினு போனாங்க, ஏன்னா கோபுரம் நிக்கக் கூடாதாம். அன்னிக்கும் யாரும் ஒண்ணும் சொல்லல. இன்னிக்கு நீயும் சொல்லல. அப்ப அவனுங்களுக்கும் உனக்கும் இன்னாடா வித்தியாசம்? பூட்ஸா?”

உருண்டையை அவள் தூக்கிலேயே போட்டு மூடினாள். திரும்பி நாலடி நடந்திருப்பாள்.

“உள்ள போனது எங்க மாமா” என்றான் தேசிங்கு. மெதுவாகத்தான் சொன்னான், ஆனால் மைக் இன்னும் அணைக்கப்படாமல் இருந்தது. “எம்பாஸ்ல, எம்பேர்ல, எங்க மாமா கன்னியப்பன் உள்ள போனாரு. வெளிய வரல. தெரிஞ்சே நான் வேல வாங்கிகினேன்.”

தார் அவன் காலை விட்டது, பூட்ஸை வைத்துக்கொண்டது. அவன் வெறுங்காலோடு நடந்து போய்க் குமாஸ்தாவின் ஏணியை எடுத்தான். “எட்டு மணிக்குத்தான் மாத்தணும்” என்றார் குமாஸ்தா, பழக்கதோஷம். தேசிங்கு ஏறி, ஒன்பதைக் கழற்றி எறிந்தான், ஒன்றைக் கழற்றி எறிந்தான், மூன்றையும் ஒன்றையும் எறிந்தான், ஒரே ஒரு சைபரை மாட்டினான். ஆபிரகாம் நீட்டிய குச்சியில் தார் தொட்டு, கீழே கன்னியப்பன் என்று எழுதினான்.

“அப்பா பேரும் எழுது. கூட போன ரெண்டு பேரு பேரும் எழுது” என்றாள் தனபாக்கியம் கீழிருந்து. எழுதினான்.

பிறகு ஒவ்வொருவராக அந்த நாலு பெயரையும் வாய்விட்டு வாசித்தார்கள், வாசித்தவரைத் தார் விட்டது. சேர்மனுக்குத் தமிழ் தெரியாது. சம்பந்தம் எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொடுத்தார். ஷூக்கள் ரோட்டிலேயே புதைந்து போயின, இன்றைக்கும் அதன்மேல் வண்டி போனால் எழுபத்திரண்டு தரம் தூக்கிப் போடும். தேசிங்குக்கு அன்றே வேலை போனது, கேசும் வந்தது. தாரைப் போக்க எல்லாரும் செய்வதை ஆபீசர்களும் செய்தார்கள்: மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் காலைத் துடைத்தார்கள். துடைக்கத் துடைக்க, “வுடுங்க சார், போவட்டும், நமக்கு இன்னா வந்துச்சு” என்று துணி இதமாகச் சொன்னது, அவர்களுக்கும் அப்படியே தோன்றியது, ஒரு வாரத்தில் எல்லாம் மறந்துபோயிற்று. ஆனால் மறுநாள் காலை எட்டு மணிக்கு சைபரைக் கழற்றி ஒன்றை மாட்டப் போன குமாஸ்தாவைத் தார் இடுப்புவரை பிடித்தது. அடுத்து வந்த குமாஸ்தாவையும் பிடித்தது. சங்கு ஊதுகிறது, ஆலை ஓடுகிறது, பலகையில் மட்டும் அந்தச் சாவு நடந்து இன்னும் ஒரு நாள்கூட ஆகவில்லை.

அந்த மூன்றாம் நாள் சாயங்காலம் தனபாக்கியம் கடைக்குத் திரும்பி ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். தேசிங்கு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

“இன்னா பாக்கியம், உள்ளங்காலெல்லாம் கருப்பா கீது” என்றது அடுப்பு. “கொஞ்சம் மண்ணெண்ணெ தொட்டுத் தொடச்சிடு. போயிடும்.”

“தெரியும்” என்றாள் அவள், மீனைத் திருப்பிப் போட்டபடி. “அதான் தொடைக்கல.”